என்கிளெக்ஸ் தேர்வு: பாடம் தெரிந்தும் "யாரை முதலில் பார்ப்பீர்கள்" வினாக்களில் தவறுகிறேன்

கேள்வி: மேலூர்ச் செவிலி

அனைவருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். அமெரிக்க உரிமத்துக்கான என்கிளெக்ஸ் ஆர்.என். தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். மேலூரிலிருந்து பேருந்தில் வந்து போவதாலும், இரவுப் பணி அடிக்கடி வருவதாலும் பயிற்சி மையத்தில் சேர முடியவில்லை. ஒரு வினா வங்கிக்குச் சந்தா கட்டிக் கைப்பேசியிலேயே படிக்கிறேன்.

மருந்தியல், ஆய்வக அளவுகள், நோய்க்குறிகள் பற்றிய நேரடி வினாக்களுக்குப் பெரும்பாலும் சரியாக விடையளித்துவிடுகிறேன். ஆனால் நான்கு நோயாளிகளைக் கொடுத்து யாரை முதலில் பார்ப்பீர்கள் என்றோ, எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பீர்கள் என்றோ கேட்டால், இரண்டு விடைகள் வரை சரியாக வந்து, கடைசியில் தவறானதைத் தேர்ந்துவிடுகிறேன். விளக்கத்தைப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த செய்தியாகவே இருக்கிறது. நான் பாடத்தை மீண்டும் படிக்க வேண்டுமா, வினாக்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமா? 85 வினாக்களில் கணினி நின்றுவிட்டால் தேர்ச்சி என்று உடன் பணிபுரிவோர் சொல்வதும் உண்மைதானா?

மறுமொழி: திருமங்கலம் ஆசிரியை

தங்கைக்கு வணக்கம். உங்களுக்குப் பாடத்தில் குறையிருப்பதாகத் தெரியவில்லை; வார்டுப் பழக்கம்தான் குறுக்கே நிற்கிறது. நம் ஊர் வார்டுகளில் எந்தக் கட்டிலருகே உறவினர்கள் அதிகமாகச் சத்தம் போடுகிறார்களோ அங்கேதான் சிஸ்டர் முதலில் ஓட வேண்டியிருக்கிறது. எது நடந்தாலும் டியூட்டி டாக்டருக்குத் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருப்பதே பாதுகாப்பு என்றும் பழகிவிடுகிறோம். தேர்வில் வரும் மருத்துவமனையிலோ, செவிலி தன் உரிமத்தின் எல்லைக்குள் தானே முடிவெடுத்து, அதற்குத் தானே பொறுப்பேற்கிறார்.

இப்படி ஒரு வினாவை எண்ணிப் பாருங்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளி ஒருவரின் ஆக்சிஜன் செறிவு 90 சதவீதம். சர்க்கரை நோயாளி ஒருவரின் இரத்தச் சர்க்கரை 250. எலும்பு அறுவை முடிந்த ஒருவர் வலி பத்துக்கு எட்டு என்கிறார். நேற்றுத் தைராய்டு அறுவை செய்துகொண்ட பெண் உதட்டைச் சுற்றி மரத்துப்போனது போல இருக்கிறது என்று மெல்லச் சொல்கிறார். எண்களைப் பார்த்தால் 90 நம்மை இழுக்கிறது, கூச்சலைக் கேட்டால் வலி இழுக்கிறது. ஆனால் அந்த நுரையீரல் நோயாளிக்கு 88 முதல் 92 வரை இருப்பது எதிர்பார்த்ததுதான். தைராய்டு அறுவையில் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் கால்சியம் குறையும்; உதட்டைச் சுற்றி மரத்துப்போவது அதன் அறிகுறி, மேலும் குறைந்தால் குரல்வளை இறுகி மூச்சு அடைபடலாம். எனவே அமைதியாகப் பேசும் அந்தப் பெண்ணிடம்தான் முதலில் போக வேண்டும். எதிர்பார்த்த மாற்றமா, எதிர்பாராத மாற்றமா என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு நோயாளிக்கும் கேட்டுப் பாருங்கள். உங்களைத் திணறடிக்கும் கடைசி இரண்டு விடைகள் பெரும்பாலும் அதிலேயே பிரிந்துவிடும்.

டாக்டருக்குத் தெரிவிப்பது என்ற விடையும் இப்படித்தான். இரத்தம் ஏற்றத் தொடங்கிய சில நிமிடங்களில் நோயாளிக்குக் குளிரும் இடுப்பு வலியும் வந்தால், முதலில் இரத்தத்தை நிறுத்த வேண்டும். பிறகு புதிய குழாயில் நார்மல் சலைன் ஓடவிட்டு, அதன் பின்னரே தெரிவிக்க வேண்டும். நீங்கள் செய்யக்கூடியதை எல்லாம் செய்து முடித்த நிலையை வினாவே காட்டினால் மட்டும் தெரிவிப்பது முதல் விடையாகும்.

வேலையை ஒப்படைக்கும் வினாக்கள் நமக்குக் கடினமாக இருப்பதற்குக் காரணம், அந்த அடுக்கே இங்கு இல்லாததுதான். இங்கு ஊட்டுவதும் துடைப்பதும் ஆயாம்மாவும் உடனிருக்கும் உறவினரும் செய்கிற வேலைகள், மற்றதெல்லாம் சிஸ்டர் தலையில். அங்கே பதிவுபெற்ற செவிலிக்கு (ஆர்.என்.) கீழே எல்.பி.என். எனப்படும் உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலி, அவருக்குக் கீழே உதவியாளர் என்று வரிசை உண்டு. முதல் மதிப்பீடு, நோயாளிக்குக் கற்பித்தல், சிகிச்சையின் பலனை எடைபோடுதல் ஆகிய மூன்றையும் நீங்கள் யாரிடமும் தரக்கூடாது; நிலையாக உள்ள நோயாளியின் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்ப்பதையும், குளிப்பாட்டுவதையும் உதவியாளரிடம் தரலாம்.

இன்னொன்று, மகன் வந்து "அப்பாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள் சிஸ்டர்" என்று கேட்பது நமக்குப் புதிதல்ல, நாமும் தலையாட்டிவிடுவோம். தேர்விலோ முடிவு நோயாளியுடையது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்க வேண்டும். நம் முறை தவறு என்று நான் சொல்லவரவில்லை, ஆனால் அதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

ஆகவே வினாக்களைக் கூட்ட வேண்டாம். தவறவிட்ட ஒவ்வொரு வினாவுக்கும், சரியான விடை ஏன் சரி என்று எழுதுவதை விட்டுவிட்டு, மற்றதை எது உங்களைத் தேர்ந்தெடுக்க வைத்தது என்று ஒரே வரியில் குறித்துவையுங்கள். "எண்ணைக் கண்டு பயந்தேன்", "டாக்டரைத் தேடினேன்" என்று திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் இரண்டு மூன்றுக்குள் அடங்கிவிடுவதை என் மாணவியரிடம் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி: உசிலம்பட்டியிலிருந்து டெக்சாஸ்

டீச்சர் சொன்னதோடு உடன்படுகிறேன். 85 பற்றிய பேச்சை மட்டும் தெளிவுபடுத்துகிறேன். 85 என்பது எல்லோரும் எழுத வேண்டிய குறைந்தபட்ச வினாக்கள். அதன் பின், உங்கள் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே உள்ளதா கீழே உள்ளதா என்பது 95 சதவீதம் உறுதியானதும் கணினி நின்றுவிடும். ஆகையால் 85-இல் நின்றவர்களில் தேர்ந்தவரும் உண்டு, தேராதவரும் உண்டு. அதிகபட்சம் 150 வினாக்கள், ஐந்து மணி நேரம். வினாக்கள் கடினமாகிக்கொண்டே போகிறதே என்று நடுவில் அஞ்ச வேண்டாம், நீங்கள் சரியாக விடையளிக்கும்போதுதான் அப்படி ஆகும். கடந்துபோன வினாவுக்குத் திரும்ப முடியாது.

2023 ஏப்ரலில் தேர்வு மாறியபின், ஒரே நோயாளியைப் பற்றித் தொடர்ந்து ஆறு வினாக்கள் கேட்கும் நிகழ்வாய்வுகள் மூன்று வருகின்றன. பொருந்துவன அனைத்தையும் தேர்ந்தெடுக்கும் வினாவில் இப்போது பகுதி மதிப்பெண் உண்டு, ஆனால் தவறாகத் தொட்ட ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழியும். எல்லாவற்றையும் தொட்டுவைத்தால் ஏதோ கிடைக்கும் என்ற கணக்கு பலிக்காது. கைப்பேசியில் படிப்பது பேருந்துக்குச் சரி. நிகழ்வாய்வுகளை மட்டும், நண்பரிடம் இரவல் வாங்கியாவது, மடிக்கணினியில் பழகுங்கள். ஒரு பக்கம் கேஸ் ஷீட்டும் மறுபக்கம் வினாவுமாக வரும் திரையைச் சிறு கைப்பேசியில் பார்த்துப் பழகியவர்கள் அன்றைக்குத் தடுமாறுகிறார்கள்.

மருந்துப் பெயர்களையும் மாற்றிப் படியுங்கள். நம் பாராசிட்டமால் அங்கே அசெட்டமினோஃபென், சால்பூட்டமால் அல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், பெத்திடின் மெப்பெரிடின்.

மேலூர்ச் செவிலி

மிக்க நன்றி. நேற்றிரவு ஓய்வு நேரத்தில் பழைய தவறுகளைப் புரட்டிப் பார்த்தேன். டீச்சர் சொன்னதைப் போல "டாக்டருக்குத் தெரிவிப்பது" என்பதே பலமுறை என் விடையாக இருந்திருக்கிறது. பதிவு செய்வதற்கு முன் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

மறுமொழி: தல்லாகுளம் வாசி

பெயரைக் கவனியுங்கள், சகோதரி. நம்மவர்களுக்குச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் விரித்தெழுதிய தந்தை பெயர் என்று இரண்டும் இரண்டு விதமாக இருக்கும். தேர்வுக்குப் பதிந்த பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டணமும் போய்விடும். பதிவுக்கு 200 டாலர், வெளிநாட்டில் எழுதுவதற்குக் கூடுதலாக 150 டாலர் என்பதால் இது சிறிய இழப்பல்ல. தேராவிட்டால் அடுத்த முறைக்கு 45 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

மதிப்பெண் விவரமும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமப் பதிவின் உறுதிப்படுத்தலும் உங்கள் கைவழியாகப் போகக்கூடாது, அந்தந்த அலுவலகத்திலிருந்தே, உங்கள் படிப்பையும் பதிவையும் சரிபார்க்கும் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாகப் போக வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் தேர்வுக்கான படிப்பு முடியட்டும் என்று காத்திராமல் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

மதுரையில் மையம் இல்லை, சென்னையில் உண்டு. இரவுப் பணி முடித்த உடலோடு பாண்டியன் விரைவு வண்டியில் போய் எழும்பூரில் இறங்கி நேரே தேர்வறைக்குப் போகும் எண்ணம் வேண்டாம். முந்தைய நாளே போய்த் தங்கிவிடுங்கள், அதற்கு முந்தைய சில நாட்களுக்குப் பகல் பணி கேட்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.