புட்டை ஒதுக்கிவிட்டு ரோல்ஸ் கேட்கும் நான்கு வயது மகன்: வீட்டுச் சாப்பாட்டுக்கு எப்படிப் பழக்குவது?

கேள்வி: உப்புவெளியிலிருந்து ஒரு தாய்

வணக்கம். எனக்கு ஏழு வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். மகளிடம் பெரிய சிக்கல் இல்லை. மகனோ காலையில் புட்டு, இடியப்பம் எதையும் இரண்டு வாய்க்கு மேல் தொடுவதில்லை. பத்து மணியானதும் ரோல்ஸ், பிஸ்கற், நூடில்ஸ் என்று அழத் தொடங்கிவிடுகிறான். முருங்கையிலைச் சுண்டலைக் கண்டாலே கோப்பையைத் தள்ளுகிறான். மீன் பொரியல் மட்டும் இறங்கும், அதுவும் அம்மம்மா கைப்பேசியில் கார்ட்டூன் காட்டினால்தான். "சாப்பிட்டு முடித்தால் சொக்லேட்" என்பதும் அவர் வழக்கமாக்கிய ஏற்பாடுதான். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்ப்பவர் அவர் என்பதால் கடிந்து பேசவும் மனம் வரவில்லை. அடிக்காமல், அழவைக்காமல் இதை மாற்ற வழி உண்டா?

பதில்: ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், தம்பலகாமம்

முதலில் ஒன்றைக் கேட்கிறேன், மகள். காலையில் எழுந்ததிலிருந்து பத்து மணி வரை அவன் என்ன குடிக்கிறான்? "பிள்ளை சாப்பிடுகிறானில்லை" என்று கிளினிக்குக்கு வந்த தாய்மாரிடம் நான் இதைத்தான் முதலில் விசாரிப்பேன். எழுந்ததும் பால்மா கரைத்த தேநீர், சிறிது நேரத்தில் பிஸ்கற், பிறகு இன்னொரு கப் என்ற பதிலே பெரும்பாலும் வரும். வயிறு ஏற்கெனவே நிரம்பியிருக்கும் பிள்ளைக்குப் புட்டின் மேல் ஆசை எங்கிருந்து வரும்? தேநீரில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கும் என்பதால், சிறு பிள்ளைகளுக்குத் தேநீரே வேண்டாம் என்பது என் கருத்து. உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சீனியை நாளாந்தச் சக்தியில் 10 வீதத்துக்குள்ளும், இயன்றால் 5 வீதத்துக்குள்ளும் வைக்கச் சொல்கிறது. நாளுக்கு ஏறத்தாழ 1300 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அந்த 5 வீதம் என்பது 16 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி மட்டுமே; இரண்டிரண்டு கரண்டி போட்ட இரண்டு கப் தேநீரோடு அது முடிந்துவிடும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலாவது ஆண்டு நிறைவில் குழந்தையின் நிறை பிறந்தபோது இருந்ததைப் போல் மும்மடங்காகிறது; இரண்டு வயதுக்குப் பின்னரோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கிலோதான் கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிவது இயல்பு. கிளினிக்கில் தந்த பதிவேட்டில் அவனுடைய நிறைக்கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால், கோப்பையில் மிஞ்சுவதை எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை. கோடு படுத்தாலோ இறங்கினாலோ தாமதிக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள்.

அமெரிக்க உணவியலாளர் எலின் சற்றர் வகுத்த ஒரு முறை எனக்குச் சரியாகப் படுகிறது: எதை, எப்போது, எங்கே சாப்பிடுவது என்பதைப் பெரியவர்கள் தீர்மானிப்பார்கள், எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா இல்லையா என்பதைப் பிள்ளை தீர்மானிக்கும். நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. என்ன வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டு, அதை முழுவதும் விழுங்கச் சொல்லி நாம் துரத்துகிறோம்.

பதில்: கிண்ணியாவிலிருந்து ஒரு தந்தை

சகோதரி, கீரையை அரைத்து ரொட்டி மாவுக்குள் ஒளித்துக் கொடுக்கும்படி பலர் சொல்வார்கள். சத்து உள்ளே போகும் என்பது உண்மைதான், ஆனால் கீரை என்ற ஒன்றைக் கண்ணால் கண்டு, வாயில் வைத்து, பழகும் வேலை அதில் நடப்பதில்லை. புதிய உணவை மறுப்பது இரண்டு முதல் ஆறு வயது வரை மிகச் சாதாரணமான சுபாவம். ஒரே கறியைப் பத்துத் தடவைக்கு மேல் கண்ட பின்னரே சில பிள்ளைகள் தொடுவார்கள். ஆகையால் அவனுக்குப் பிடித்த மீன் பொரியலுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி சுண்டலை வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். தேசிக்காய்ப்புளி விட்டால் கீரையின் இரும்புச்சத்தும் நன்றாகச் சேரும். இலை ஆய்வதற்கு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள், பாதி நிலத்தில் கொட்டினாலும் பரவாயில்லை. (எங்கள் வீட்டில் பாதிக்கு மேலேயே கொட்டும்.)

மீனைப் பொரியலிலிருந்து குழம்புக்கு மாற்றும்போது சூடையில் தொடங்க வேண்டாம், முள் பயம் பிடித்தால் பிறகு எந்த மீனையும் தொடமாட்டான். பாரையின் நடுத்துண்டை நீங்களே முள் பார்த்துப் பிய்த்து வையுங்கள்.

போத்தல் பானம் வாங்கும்போது, சீனியின் அளவைக் காட்ட அதில் பொறித்திருக்கும் வட்ட அடையாளத்தின் நிறத்தைக் கவனியுங்கள். 2016 முதல் இலங்கையில் அது கட்டாயம்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. மகளுக்கு இந்த நிறங்களைச் சொல்லிக்கொடுத்தால், கடையில் அவளே தம்பிக்குக் காவலாகிவிடுவாள்.

கேட்டவர்

நீங்கள் ஊகித்தது சரிதான் அம்மா. ஆறரைக்கு ஒரு கப், ஒன்பது மணிக்கு இன்னொரு கப் பால்த்தேநீர் குடிக்கிறான். இரண்டாவது கப்பை நிறுத்திவிடலாம். அம்மம்மாவின் சொக்லேட்டை என்ன செய்வது?

பதில்: நிலாவெளியிலிருந்து ஓர் அம்மம்மா

அம்மம்மாமார் பக்கத்திலிருந்து சொல்கிறேன், மகள். பிள்ளை பட்டினி கிடந்தான் என்று நீங்கள் வந்து கேட்டுவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் நாங்கள் கைப்பேசியையும் சொக்லேட்டையும் எடுக்கிறோம். ஆகவே, "அவன் சாப்பிடாவிட்டால் விட்டுவிடுங்கள், உங்களை ஒன்றும் சொல்லமாட்டேன்" என்று முதலில் அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொக்லேட்டை முற்றாகத் தடுக்க வேண்டாம். சாப்பாட்டுக்குப் பரிசாகக் கொடுக்கும்போது சாப்பாடு தண்டனையாகவும் சொக்லேட் வெற்றியாகவும் பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடுகிறது. கிழமையில் ஒரு நாள், எந்த நிபந்தனையும் இன்றி, எல்லோருக்கும் ஒரு துண்டு என்று ஆக்கிவிடுங்கள்.

பத்து மணிப் பலகாரத்தின் பொறுப்பை முழுமையாக அவரிடமே கொடுத்துப் பாருங்கள். தேங்காய்ப்பூ போட்டு அவித்த கௌபி, பப்பாசி, சீனி போடாத எருமைத் தயிர், குரக்கன் ரொட்டி என்று அவருக்குக் கைவந்தவை எத்தனையோ இருக்கும். கச்சானை மட்டும் முழுதாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், நான்கு வயதில் அது தொண்டையில் சிக்கக்கூடும், இடித்துக் கொடுக்கலாம். கைப்பேசியை ஒரேயடியாகப் பறித்தால் இருவருக்கும் கஷ்டம். நீங்கள் வீட்டில் இருக்கும் இரவுச் சாப்பாட்டில் முதலில் நிறுத்துங்கள். பகல் வேளையை அவர் பிறகு பார்த்துக்கொள்வார்.