பால்கனியில் அந்தக் கை அசைவு

கொக்குவிலான்:
'ஹீட்' என்ற ஹாலிவுட் படம் இங்கே பலர் பார்த்திருப்பீர்கள், அதனால் கதை சொல்லவில்லை. வங்கிக் கொள்ளை குழம்பி, தப்பியவர்கள் சிதறிய பிறகு, வால் கில்மர் முடியை வெட்டிக்கொண்டு மனைவியைக் கூட்டிப்போக வருகிற இடம். வீட்டுக்குள் பொலிஸ். அவனைப் பிடித்துத் தராவிட்டால் நீயும் சிறைக்குப் போவாய், பிள்ளையும் உன் கையில் இருக்காது என்று அவளை வெருட்டி வைத்திருக்கிறார்கள். ஆஷ்லி ஜட் பால்கனிக்கு வருவாள். கீழே அவன் நிமிர்ந்து சிரிப்பான். அவள் கம்பியடியில் கையை மெல்ல ஒரு பக்கமாக இழுப்பாள். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடியும்.

2003இல் சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்திருந்த நேரம், சித்தப்பா வீட்டில் சீடியில் பார்த்தோம். அந்த இடத்தில் அம்மா எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டார். பின்னால் போனேன். லைட் போடாமல் நின்றார். அப்போதுதான் சொன்னார்.

1997இல் ஒரு விடியற்காலை எங்கள் ஒழுங்கையில் ஆமிச் சுற்றிவளைப்பு. பெரியம்மா வீட்டில் படுத்திருந்த அண்ணா ஒன்றும் தெரியாமல் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அம்மா படலையடியில் கூட்டிக்கொண்டு நின்றார். தலை நிமிரவில்லை. விளக்குமாற்றை இரண்டு தரம் அண்ணாவின் பக்கமாகத் தள்ளினார். அண்ணா அவசரப்படாமல் குச்சொழுங்கைக்குள் திரும்பினார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா கூட்டுகிறார் என்றுதான் ஆறு வருடமாக நினைத்திருந்தேன்.

நல்லூர் வாசகி:
தம்பி, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் அம்மா செய்ததையும் படத்தில் அந்த மனைவி செய்ததையும் ஒன்றாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் சூதாடுகிற புருஷன், அவள் ஏற்கெனவே மனம் விட்டுப்போனவள். காட்டிக்கொடுக்கவும் இல்லை, கூடப் போகவும் இல்லை. இரண்டையும் ஒரே கையால் சொன்னாளே, அந்தத் துணிவுதான் எனக்குப் பெரிது. விசுவாசம் என்று மட்டும் சொன்னால் அவளுடைய பாதி போய்விடும்.

வடமராட்சியான்:
நீங்கள் இருவரும் டென்னிஸ் ஹேஸ்பர்ட்டை மறந்துவிட்டீர்கள். சிறையிலிருந்து வந்து சாப்பாட்டுக் கடை அடுப்பில் வேகிறவர், முதலாளி அவர் சம்பளத்திலும் பங்கு பிடிக்கிறான். கொள்ளைக் கூட்டத்தின் தலைவர் டி நீரோ வந்து கார் ஓட்ட வருகிறாயா என்கிறார். யோசிப்பது சில நொடிதான். பிறகு ஸ்டியரிங்கில் இருந்தபடியே சாவார். நானும் டவுனில் ஒரு கடையில் சம்பளம் வராமல் நின்றவன். கூட்டாளி மோட்டார் சைக்கிளில் வந்து 'ஏறு' என்றான், ஏறினேன். அவன் எங்கே போகிறான் என்றுகூடக் கேட்கவில்லை.

சரி, கொக்குவில் தம்பிக்கு ஒன்று. அம்மாவோடு அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கிறதென்றால் தெருச் சண்டை வரும்போது சத்தத்தைக் குறையுங்கள். இயக்குநர் மைக்கேல் மான் அந்த வெடிச்சத்தத்தைத் தெருவில் படம் எடுக்கும்போதே பதிந்தவர், கட்டடங்களில் பட்டுத் திரும்பி வருவது கேட்கும். எங்கள் அம்மாமாருக்கு அது சினிமாச் சத்தம் இல்லை. அப்புறம், அந்த விடியற்காலையை அவர் வாயாலேயே போனில் பதிந்து வையுங்கள். பகலில் கேளுங்கள், இரவில் வேண்டாம். குறுக்கே கதைக்காதீர்கள். திகதி பிழைத்தால் திருத்தாதீர்கள். அழுதால் பதிவை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள், இன்னொரு நாள் மிச்சத்தைச் சொல்லுவார். பதிந்ததை அண்ணாவுக்கும் அனுப்பி, ஒரு பிரதி வேறு இடத்திலும் வையுங்கள். நான் என் தாயிடம் கேட்காமல் விட்டவன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கொக்குவிலான்:
அண்ணை, அம்மா போய் ஐந்து வருடம். அண்ணா கனடாவில் இருக்கிறார், உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு அவருக்கு எடுத்தேன். விளக்குமாறு அவருக்கு நினைவே இல்லை. "என்னைக் கண்ட பிறகும் அம்மா நிமிர்ந்து பார்க்கேல்லை, அதாலதான் திரும்பினனான்" என்றார்.