கீழ்மாடியில புத்தகப் பெட்டி: வெள்ளவத்தை தொடர்மாடிக் குழு

*சனி இரவு*

*செயலாளர் (1டி):* எல்லாருக்கும் வணக்கம். வடகொழும்புப் பக்கம் தமிழ்மொழிமூல ஆரம்பப் பாடசாலை ஒன்றுக்குக் கதைப்புத்தகம் சேர்ப்பம் எண்டு கூட்டத்தில கதைச்சது. தரம் 1 தொடக்கம் 5 வரைதான் அங்க. நாளைக்கே கீழ்மாடியில பெட்டி வைக்கலாமா?

*ரீச்சர் அன்ரி (5பி):* பெட்டியைப் பிறகு வைப்பம். முதல்ல அதிபரோட கதையுங்கோ. எந்தத் தரத்தில எத்தனை பிள்ளைகள், வகுப்பறையில திறந்த தட்டு இருக்கா, புத்தகத்துக்குப் பொறுப்பு எந்த ஆசிரியர், இப்ப அங்க என்ன கிடக்கு, இவ்வளவும் கேளுங்கோ. அது தெரியாமல் சேர்த்தால் தரம் 8க்குரிய புத்தகம் எல்லாம் தரம் 2 பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

*தம்பி (3ஏ):* அன்ரி, எங்கட வீட்டில தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாள் புத்தகம் ஒரு அடுக்கு இருக்கு. பழைய பாடநூலும் இருக்கு. அதையும் போடலாம்தானே?

*ரீச்சர் அன்ரி (5பி):* வேண்டாம் ராசா. பாடநூலை 1980இல இருந்து அரசாங்கம் இலவசமாக் குடுத்துக்கொண்டு வருது. அதிலயும் பாடத்திட்டம் மாறினால் பழசு பிழையான பாடம். வினாத்தாளில விடை எழுதியிருக்கும், அழிச்சாலும் தடம் தெரியும். பாடத்துக்கு வெளியில ஆசையா வாசிக்கிற புத்தகம்தான் அந்த வீடுகளில இல்லை. அதைக் குடுப்பம்.

*4ஏ அன்ரி:* என்ர பேரப்பிள்ளைகள் இன்டர்நேஷனல் ஸ்கூல். இங்கிலிஷ் கதைப்புத்தகம்தான் நிறைய. நல்ல நிலையில இருக்கு.

*ரீச்சர் அன்ரி (5பி):* படத்தோட, பக்கத்துக்கு ரெண்டு மூண்டு வரி உள்ள மெல்லிய புத்தகம் எண்டால் தாங்கோ. எங்கட பாடசாலைகளில இங்கிலிஷ் ஒரு பாடமாத் தொடங்கிறதே தரம் 3இலதான், அதுக்கு முதல் பேச்சுப் பயிற்சி மட்டும். 120 பக்க நாவலை அங்க குடுத்தால் ஒருத்தரும் தொடமாட்டினம். பிள்ளைக்குத் தன்னால ஏலாது எண்ட எண்ணம்தான் வரும். பெரிய புத்தகங்களை மேல்வகுப்பு உள்ள வேற பாடசாலைக்கு ஒதுக்குவம். இரண்டாம் மொழியாச் சிங்களமும் படிக்கினம், மெல்லிய சிங்களப் படக்கதை இருந்தாலும் எடுக்கலாம்.

*தம்பி (3ஏ):* தமிழ்ப் புத்தகத்தைத் தரம் தரமாப் பிரிக்கிறது எப்படி? அட்டையில வயசு போட்டிருக்கிறதைப் பார்த்தால் சரியா?

*ரீச்சர் அன்ரி (5பி):* அட்டையை நம்பவேண்டாம். உள்ளுக்குத் திறந்து பாருங்கோ. தரம் 1, 2 எண்டால் பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒண்டு ரெண்டு வசனம், ஒரே சொல் திரும்பத் திரும்ப வரவேணும். அந்த வயசில பிள்ளை உயிர்மெய்யையே இன்னும் பழகிக்கொண்டிருக்கும். தரம் 3, 4க்கு நாலைந்து வரி. தரம் 5க்குச் சின்ன அத்தியாயங்கள் உள்ளது சரி. சந்தேகம் எண்டால் உங்கட வீட்டில அந்த வயசுப் பிள்ளையிட்ட ஒரு பக்கம் வாசிக்கக் குடுங்கோ. தெரியாத சொல் வரவர ஒவ்வொரு விரலா மடக்கட்டும். பக்கம் முடிய முதல் அஞ்சு விரலும் மடங்கினால் புத்தகம் அந்தப் பிள்ளைக்குக் கூடிப்போச்சு.

*செயலாளர் (1டி):* எத்தனை புத்தகம் இலக்கு வைக்கிறது? 500 எண்டு நினைச்சன்.

*லைப்ரரி அக்கா (2ஏ):* 500 வேண்டாம் அண்ணா. 35 பிள்ளைகள் உள்ள வகுப்பை எடுங்கோ. ரெண்டு பேர் சேர்ந்து ஒரு புத்தகம் வாசிச்சால் ஒரே நேரத்தில 18 வேணும். மாற்றி எடுக்க இன்னொரு பங்கு. ஆக வகுப்புக்கு 40 போதும், அஞ்சு வகுப்புக்கு 200. ஆனால் தலைப்புக்கு ரெண்டு மூண்டு பிரதியாவது வேணும். ஒரே கதையை வாசிச்ச பிள்ளைகள்தான் அதைப்பற்றி ஆளுக்காள் கதைக்குங்கள். பாவிச்ச புத்தகத்தில அப்படி அமையாது, அதுக்குத்தான் காசு சேர்த்துக் கொஞ்சம் புதுசா வாங்கவேணும். செப்டெம்பரில பண்டாரநாயக்க மண்டபத்தில நடக்கிற புத்தகக் கண்காட்சியில விலைக்கழிவு கிடைக்கும்.

*லைப்ரரி அக்கா (2ஏ):* இதைவிட முக்கியமான ஒண்டு. நன்கொடைப் புத்தகம் அலுமாரியில பூட்டிக் கிடக்குது எண்டு எல்லாரும் ஆசிரியரைக் குறை சொல்லுவினம். காரணம் வேற. அரசாங்கப் பாடசாலைக்கு வந்த பொருள் பதிவேட்டில ஏறும். வருசம் ஒருக்காப் பொருட் கணக்கெடுப்பு நடக்கும். ஒரு புத்தகம் குறைஞ்சால் பொறுப்பானவர் பதில் சொல்லவேணும். மெல்லிய படக்கதையைப் பிள்ளை வீட்ட கொண்டுபோனால் கிழியும், தொலையும். பயந்த ஆசிரியருக்குப் பூட்டுத்தான் பாதுகாப்பு. அதை மாற்றாமல் 1000 புத்தகம் குடுத்தும் பிரயோசனம் இல்லை.

*ரீச்சர் அன்ரி (5பி):* முழு உண்மை. இதைக் கட்டாயம் அதிபரோட நேரடியாக் கதைக்கவேணும்.

*செயலாளர் (1டி):* அப்ப என்ன செய்யிறது?

*லைப்ரரி அக்கா (2ஏ):* ரெண்டு பட்டியல் போடுவம். தடிச்ச அட்டை, விலை கூடின புத்தகங்கள் நூலகத்துக்கு. மெல்லிய படக்கதைகள் வகுப்பறை வாசிப்பு மூலைக்கு, பாவிச்சுத் தேயிறதுக்கெண்டே. நன்கொடைக் கடிதத்தில "பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்காக வழங்கப்படுகிறது, கிழிவதையும் தொலைவதையும் நன்கொடையாளர் ஏற்றுக்கொள்கிறார்" எண்டு எழுதுங்கோ. எப்படிப் பதியிறது எண்டதை அதிபர்தான் முடிவெடுப்பார், வலயக் கல்வி அலுவலகத்தில கேட்கவும் வேண்டிவரலாம். ஆனால் அந்த ஒரு வரி ஆசிரியருக்குப் பெரிய துணை. பட்டியலில தலைப்பு, பிரதி எண்ணிக்கை, மதிப்பிட்ட விலை மூண்டும் இருக்கட்டும். விலை இல்லாட்டிப் பதியிறவர் ஒவ்வொண்டாத் தேடவேணும்.

*4ஏ அன்ரி:* ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில ஒரு சின்ன விழாவாக் குடுத்தால் வடிவா இருக்கும்.

*ரீச்சர் அன்ரி (5பி):* ஒக்டோபரில எல்லாரும் குடுப்பினம். அங்கால மழை, தவணைப் பரீட்சை, பிறகு விடுமுறை. பெட்டி திறக்க முதல் வருசம் முடியும். முதலாம் தவணை தொடங்கி வகுப்பு ஒழுங்கானாப் பிறகு குடுப்பம், முழு வருசமும் பாவிக்கலாம். பிள்ளைகளை வரிசையில நிப்பாட்டிப் படம் எடுக்கவும் வேண்டாம். வாங்கிற பிள்ளைக்கும் மானம் இருக்கு.

*4ஏ அன்ரி:* சரி, விளங்குது. படம் வேண்டாம்.

*ஞாயிறு காலை*

*பிரஸ் அண்ணா (4சி):* இப்பதான் எல்லாத்தையும் வாசிச்சேன். கிழிஞ்ச புத்தகங்களை வீசிடாதீங்க, என்கிட்ட தாங்க. ஒரே ஒரு வேண்டுகோள், யாரும் செலோடேப் ஒட்டாதீங்க. கொஞ்ச நாள்ல மஞ்சளாகும், பசை கசிஞ்சு பக்கத்து தாளோட ஒட்டிக்கும், பிரிச்சா படமே உரிஞ்சு வரும். கழண்ட தாளுக்கு வெள்ளை பைண்டர் கம் போதும். மெல்லிய பிரஷ்ல ஓரத்துல மூணு மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் பூசி, ரெண்டு பக்கமும் எண்ணெய்த்தாள் வச்சு, மேல பாரம் ஏத்தி ஒரு இரவு விடுங்க.

*பிரஸ் அண்ணா (4சி):* படக்கதைகள்ல நடுவுல அடிச்சிருக்கிற கம்பி, கடல்காத்துக்கு துருப்பிடிச்சு தாளையே தின்னுடும். கம்பியை நகத்தால இழுக்காம, கத்தி முனையால உள்பக்கமா நிமிர்த்தி எடுக்கணும். பிறகு பருத்தி நூல்ல தைக்கலாம். மடிப்புல மூணு ஓட்டை. நடு ஓட்டைல உள்ளே இருந்து வெளியே வாங்க, மேல் ஓட்டைல உள்ளே போங்க, நடுவைத் தாண்டி கீழ் ஓட்டைல வெளியே வாங்க, திரும்ப நடுவுல உள்ளே போங்க. ரெண்டு நுனியும் உள்பக்கம் நீள நூலுக்கு இந்தப்பக்கம் ஒண்ணு அந்தப்பக்கம் ஒண்ணா நிக்கும், அதைக் கட்டி முடிச்சுப் போடுங்க. பழகினா புத்தகத்துக்கு அஞ்சு நிமிஷம் போதும்.

*தம்பி (3ஏ):* என்ர புத்தகத்தில ஒண்டு மணக்குது. தாளில கறுப்புப் புள்ளியும் இருக்கு.

*லைப்ரரி அக்கா (2ஏ):* தொட்டால் தூளா விரலில ஒட்டினால் பூஞ்சணம் உயிரோட இருக்கு. அதைப் பையில கட்டி எறியுங்கோ, இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது, மற்றப் புத்தகத்துக்கும் பரவும். இராமபாணப் பூச்சி அரிச்சது மட்டும் எண்டால் காப்பாற்றலாம். காற்றை அமத்தி எடுத்துப் பொலித்தீன் பையில இறுக்கிக் கட்டி, டீப் ஃப்ரீசரில மைனஸ் 18இல ரெண்டு கிழமை வையுங்கோ. வெளியில எடுத்தவுடன பையைத் திறக்கக்கூடாது, ஒரு நாள் அப்படியே விடவேணும், இல்லாட்டித் தாளில நீர் படியும். பூச்சி உருண்டை போடவே வேண்டாம். நப்தலீன் ஆவி பிள்ளைகளுக்குக் கூடாது, ஜி6பிடி எண்ட நொதியம் பிறப்பிலயே குறைஞ்ச பிள்ளைக்குச் சிவப்பணு உடையும்.

*தம்பி (3ஏ):* சரி அக்கா. இன்னொரு யோசனை. ஸ்டோரிவீவர் தளத்தில தமிழ்க் கதைகள் இருக்கு, இலவசமா இறக்கலாம். அச்சடிச்சால் பிரதி எண்ணிக்கை கூடும்தானே?

*லைப்ரரி அக்கா (2ஏ):* நல்ல யோசனை. அது பிரதம் புக்ஸ் நடத்திற தளம், திறந்த உரிமம், அச்சடிக்கலாம். எழுதினவர், படம் வரைஞ்சவர், உரிம விவரம் உள்ள பக்கத்தை நீக்கிப்போடக்கூடாது. கடையில விக்கிற புத்தகத்தைப் போட்டோக்கொப்பி அடிக்கிறது வேற, அது 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி குற்றம். இந்தியத் தமிழில எழுதின கதைகள் இருக்கும். இங்கத்தைய பிள்ளைக்கு விளங்குமா எண்டு ரீச்சர் அன்ரி ஒருக்கா வாசிச்சுத் தெரிவு செய்யட்டும்.

*பிரஸ் அண்ணா (4சி):* அச்சடிக்க முன்ன பக்கத்தை எண்ணுங்க, நாலால வகுபடணும். ஏ4 தாளை மடிச்சா ஒரு தாளுக்கு நாலு பக்கம், 16 பக்கக் கதைக்கு நாலு தாள். மிச்சம் வந்தா பின்னால வெத்துப் பக்கம் விடுங்க. ரெண்டு பக்கமும் அடிக்கும்போது குறுகிய ஓரத்துல திருப்புற மாதிரி போடணும், நீள ஓரத்துல திருப்பினா பின்பக்கம் தலைகீழா வரும். முதல்ல ஒரு பிரதி மட்டும் அடிச்சு மடிச்சுப் பாருங்க. படுக்கை வாக்குல இருக்கிற கதையை மடிக்க முடியாது, அதை இடது ஓரத்துல தைக்கணும். அட்டைக்கு சதுர மீட்டருக்கு 250 கிராம் கனமான ஆர்ட் போர்ட் போட்டா பிள்ளைங்க கைக்கு தாங்கும்.

*செயலாளர் (1டி):* பெட்டி எவ்வளவு பெரிசு?

*பிரஸ் அண்ணா (4சி):* பெரிய பெட்டி வேண்டாம், அடி கிழியும். 32 பக்கப் படக்கதை ஒண்ணு 150 கிராம்னு வைங்க, 80 போட்டா 12 கிலோ. அதுக்கு மேல ஏத்தாதீங்க. புத்தகத்தைப் படுக்க வைங்க.

*ரீச்சர் அன்ரி (5பி):* வகுப்புக்கு வகுப்பு வேற பெட்டி. வெளியில தரத்தைப் பெரிசா எழுதுங்கோ, ஆசிரியர் பிரிக்கத் தேவையில்லை. அதோட ஒவ்வொரு பெட்டியிலும் நைலோன் கயிறும் உடுப்புக் கிளிப்பும் வைப்பம். சுவரில பிள்ளையின்ர நெஞ்சளவு உயரத்தில கயிறு கட்டி, மெல்லிய புத்தகங்களை அட்டை தெரியத் தொங்கவிடலாம். முதுகு மட்டும் தெரியிற மாதிரி அடுக்கினால் வாசிக்கப் பழகிற பிள்ளை எடுக்காது. பாடசாலைக்குத் தட்டு வாங்கிற செலவும் இல்லை. தாழ்வான இடம் எண்டால் நிலத்தோட ஒண்டும் வைக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ, களனி ஆறு பெருகினால் முதல்ல போறது கீழ்த்தட்டுத்தான்.

*செயலாளர் (1டி):* நாளைக்கு அதிபருக்கு எடுத்துக் கதைக்கிறன். அதுவரைக்கும் ஒருத்தரும் கீழ்மாடியில புத்தகம் வைக்கவேண்டாம், தண்ணித் தாங்கிப் பக்கம் ஈரம். அக்கா, கடித நகலை இங்க போடுறீங்களா?

*லைப்ரரி அக்கா (2ஏ):* பின்னேரம் போடுறன். பிள்ளைகளின்ர எண்ணிக்கை வந்தாப் பிறகு பட்டியலைச் சேர்ப்பம்.