ஹிட்டிங் ஸ்ட்ரீக்: தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினர் அனைவருக்கும் வணக்கம். முறியடிக்க முடியாதவை என்று கருதப்படும் பேஸ்பால் சாதனைகளைப் பற்றிய சிறுவர் நூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். 1941இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஜோ டிமாஜியோ, மே 15 முதல் ஜூலை 16 வரை அடுத்தடுத்து 56 ஆட்டங்களில் ஒரு 'ஹிட்'டாவது அடித்தார். (ஹிட் என்றால், மட்டையாளர் தன் அடியின் பலத்தால் 'பேஸ்' எனும் தளத்தைச் சேர்வது.) இதைத்தான் ஹிட்டிங் ஸ்ட்ரீக் என்கிறார்கள். 'அடித்தொடர்' என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

விளையாட்டுச் செய்தியாளர்:
தொடர் என்றதும் வாசகருக்கு ஐந்து டெஸ்ட் போட்டிகள்தான் நினைவுக்கு வரும். 'இந்தியா தொடரை வென்றது' என்று எழுதி எழுதி நாங்களே அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டோம். 'அடி'யும் போதாது. மட்டையில் பட்டதெல்லாம் ஹிட் ஆகாது. எதிரணியின் பிழையால் தளம் சேர்ந்தால் அது கணக்கில் வராது.

புலவர்:
'அறாவடி' என்க; இடையறாத அடி. 'அறா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இடையில் வகர உடம்படுமெய். யாப்பு படித்தவர்க்கு மற்றவையும் கைவசம் உண்டு. மெல்லத் தட்டிவிடும் 'பன்ட்' குறளடி. வேலி தாண்டும் ஹோம் ரன் கழிநெடிலடி. ஒரே அடியில் மூன்றாம் தளம் சேர்க்கும் 'ட்ரிபிள்' மூவடி. 1912இல் பிட்ஸ்பர்க் அணியின் சீஃப் வில்சன் ஒரே பருவத்தில் 36 மூவடி கண்டார். உலகளந்த பெருமாளுக்கே மூன்றடிதான்!

பள்ளி ஆசிரியை:
ஐயா, அறாவடி என்றால் என் மாணவர்கள் திருவடி, சேவடியோடு சேர்த்துக் கும்பிட்டுவிடுவார்கள். புரியாத தூய்மையால் யாருக்கு லாபம்? 'அடிவரிசை' என்று வைத்துக்கொள்ளலாமே.

செய்தியாளர்:
அடிவரிசை என்றால் மட்டையாளர்கள் இறங்கும் வரிசை என்று நினைப்பார்கள், அம்மா.

நியூ ஜெர்சி உறுப்பினர்:
பேசாமல் 'ஸ்ட்ரீக்' என்றே எழுதுங்கள். பேஸ்பாலைப் பேஸ்பால் என்றுதானே எழுதுகிறோம்? 'அறா'வில் வேறு வில்லங்கமும் இருக்கிறது. ஜூலை 17 அன்று கிளீவ்லாந்தில், எதிரணிக்காக மூன்றாம் தளத்தில் நின்ற கென் கெல்ட்னர், டிமாஜியோ அடித்துக் கோட்டை ஒட்டிப் பாய்ந்த பந்தை இரண்டு முறை மறித்து முதல் தளத்துக்கு எறிந்து அவரை அவுட்டாக்கினார். டிமாஜியோவின் கதை அத்துடன் முடிந்தது. 'அறாவடி அறுந்தது' என்றா எழுதுவது?

புலவர்:
வாடாமல்லியும் வாடுகிறது. அதற்காகப் பெயரை மாற்றினோமா?

மொழிபெயர்ப்பாளர்:
ஐந்து பேரில் மூவர் 'அடித்தொடர்' போதும் என்று தனிமடலில் சலிப்போடு எழுதிவிட்டார்கள். அதையே வைத்து ஒரு விளக்கமும் சேர்க்கிறேன். ஓர் ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் 'வாக்' பெற்று, அதாவது வீச்சாளரின் தவறான வீச்சுகளால் அடிக்காமலே தளம் சேர்ந்தால், ஹிட் இல்லாவிட்டாலும் தொடர் அறுவதில்லை, விதி அப்படி. ஆகவே 'ஓர் ஆட்டம்கூட விடாமல்' என்றும் எழுத முடியாது.

புலவர்:
அடுத்த அத்தியாயம் கால் ரிப்கன் அல்லவா? 1982 முதல் 1998 வரை 2,632 ஆட்டங்களில், அடித்தாலும் அடிக்காவிட்டாலும், இடைவிடாமல் களமிறங்கினார். அதை 'ஆட்டத்தொடர்' என்பீர்களா? செய்தியாளர் அஞ்சிய டெஸ்ட் போட்டிகள் அங்கே வந்து நிற்கும். 'அறாவாட்டம்' என்றால் சிக்கலே இல்லை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.