மறுமொழி: இடுப்புத் தளமா, ஏந்துதளமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இடுப்புக்கூட்டின் அடிப்பகுதியை மூடி நிற்கும் தசையமைப்புக்கு ‘இடுப்புத் தளம்’, ‘இடுப்பு உதரவிதானம்’ என்னும் இரண்டு சொற்கள் இவ்விழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் ஆங்கிலச் சொல்லைப் (pelvic floor, pelvic diaphragm) பார்த்து ஆக்கப்பட்டவை. உறுப்பைப் பார்த்து ஆக்கப்பட்டவையல்ல என்பதே என் தயக்கம்.

இரண்டு இடுப்பெலும்புகளும், பின்புறத்தில் திருவெலும்பும் வாலெலும்பும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. இலத்தீனில் இதன் பெயருக்குக் கிண்ணம் என்று பொருள். நம் பழைய வழக்கான ‘கூபகம்’ என்பதிலும் கிணற்றைக் குறிக்கும் கூபம் இருக்கிறது. ஆயினும் இது அடியில்லாத கிண்ணம். சிறுநீர்ப்பை, மலக்குடல், பெண்களுக்குக் கருப்பை ஆகியவற்றை அந்தத் திறப்பின் மேல் தாங்குவது எலும்பன்று. முன்புறப் பூப்பெலும்பிலிருந்து வாலெலும்பு வரை விரிந்து, நடுவில் சரிந்து, புனல் போல் அமைந்த தசைகளும் அவற்றைப் போர்த்திய படலங்களுமே. சிறுநீர்வழியும் பிறப்புவழியும் மலவழியும் இந்தத் தசைவிரிப்பை ஊடுருவியே வெளியேறுகின்றன.

‘உதரவிதானம்’ இங்கே பொருந்தாது. விதானம் என்பது மேற்கட்டி. வயிற்றுக்கு மேலே கவிந்திருப்பதால் மார்புக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட தசைக்கு அப்பெயர் மிக அழகாக அமைந்தது. அதையே அடியில் இருப்பதற்கும் இட்டால் கூரையைக் கழற்றித் தரையில் விரித்தது போலாகும். ஆனால் இரண்டுக்கும் உறவு உண்டு என்று சொன்ன நண்பரின் கருத்து சரியே: மூச்சை உள்ளிழுக்கையில் மேலே விதானம் தாழும்போது கீழேயுள்ள தசைகளும் சற்றுத் தாழ்ந்து, மூச்சு வெளியேறுகையில் மீண்டும் எழுகின்றன.

இந்த அசைவுதான் வெறும் ‘தளம்’ என்பதையும் ஐயத்துக்குள்ளாக்குகிறது. தளம் என்றதும் தட்டையாய், அசையாது கிடக்கும் ஒன்றே மனத்தில் எழுகிறது. இத்தசைகளோ நாம் உறங்கும்போதும் ஓரளவு இறுகியே இருந்து, சிறுநீரோ மலமோ கழிக்கும் நேரத்தில் மட்டும் தளர்கின்றன. இவற்றுள் ஒன்று, பூப்பெலும்பின் பின்புறத்தில் தொடங்கி, மலக்குடலும் மலவாய்க் குழாயும் சேருமிடத்தைப் பின்னால் சுற்றி, மறுபக்கம் பூப்பெலும்புக்கே திரும்புகிறது. அதன் இழுப்பால் அவ்விடம் முன்னோக்கி மடிந்து மலத்தைத் தடுத்து நிறுத்துகிறது. (இதற்குக் ‘கவண்தசை’ என்று ஒருவர் பரிந்துரைத்திருந்தார். கல்லை ஏந்திய கவணின் வாரை நினைத்துப் பார்த்தால் வடிவம் அப்படியே பொருந்துகிறது. இதை விட்டுவிடக் கூடாது.)

ஆகவே, தளத்தை முற்றிலும் தள்ளாமல், ‘ஏந்துதளம்’ என்றும், அதிலுள்ள தசைகளை ‘ஏந்துதசைகள்’ என்றும் வழங்கலாம் என்பது என் முன்மொழிவு. ஏந்துதல் என்பது கீழிருந்து, குவிந்த கைபோலத் தாங்குவது. ‘தாங்குதளம்’ எனலாமே என்று சிலர் கருதலாம்; அதில் அந்தக் குழிவு இல்லை. மேலும் இது வினைத்தொகை. ஏந்திய, ஏந்துகின்ற, ஏந்தும் என முக்காலத்துக்கும் விரிவதால், ஓய்வின்றிப் பணிபுரியும் தசைக்கு இலக்கணமே துணைநிற்கிறது. அதனால் ‘ஏந்துத்தளம்’ என ஒற்று மிகுத்து எழுதுவது பிழையாகும்.

முன்னொட்டாக ‘இடுப்பு’ தேவைப்படும் இடங்களில் ‘இடுப்புக்குழி’ என்றே எழுதலாம். பேச்சுவழக்கில் இடுப்பு என்றால் சேலையோ வேட்டியோ கட்டும் இடத்தையே குறிக்கும். ‘இடுப்புத் தசைப் பயிற்சி’ என்று படிப்பவர் இடுப்பை வளைக்கத் தொடங்கிவிடுவார். அமெரிக்க மகளிர்நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் இத்தசைகளுக்கென 1948இல் விவரித்த பயிற்சியோ வெளியே எதையும் வளைப்பதில்லை. சிறுநீரை அடக்குவது போல உள்ளே சுருக்கித் தளர்த்துவதே அது. ‘தளத்தைச் சுருக்குங்கள்’ என்பது விளங்காது. ‘ஏந்துதசைகளைச் சுருக்கி, மெல்லத் தளர்த்துங்கள்’ என்பது விளங்கும்.

இச்சொல்லுக்கு இன்னொரு சான்றும் உண்டு. இத்தசைகள் தளர்ந்து கருப்பை சரிவதை மக்கள் ஏற்கெனவே ‘கருப்பை இறக்கம்’ என்கிறார்கள். ஏந்துவது தளர்ந்தால் இறங்கும் என்னும் தொடர்பை நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மறுப்பு இருப்பவர்கள், குறிப்பாக ‘தாங்குதளம்’ என்பதை ஆதரிப்பவர்கள், எழுத வேண்டுகிறேன்.