வறட்சியில் தூண்டப்படும் நெல் மரபணுக்களுள் விளைச்சலைக் காப்பவை எவை?

கேள்வி: பைங்கூழ்

வணக்கம். தாவர உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுகலை பயில்கிறேன். நெற்பயிருக்கு நீர் குறையத் தொடங்கியதும் அதன் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாடு, அதாவது அவை இயங்கும் அளவு, கூடுகிறது அல்லது குறைகிறது என்று படிக்கிறேன். அவற்றுள் ஒன்றை எடுத்து மிகையாக வெளிப்படச் செய்தால், மற்ற செடிகள் காய்ந்துபோன தொட்டியில் அந்த ஒன்று மட்டும் மீண்டும் துளிர்த்தது என்று காட்டும் ஆய்வுகளும் ஏராளமாக உள்ளன. ஆனால் உழவர்கள் உண்மையில் பயிரிடும் வறட்சி தாங்கும் இரகங்களைப் பார்த்தால், அவை ஏறத்தாழ எல்லாமே இனக்கலப்பின் வழியே வந்தவையாக இருக்கின்றன. அப்படியானால் வறட்சியில் தூண்டப்படும் இந்த மரபணுக்களுக்கும், வறட்சியிலும் மணி பிடிக்கும் தன்மைக்கும் உள்ள தொடர்பு என்ன? ஐ.ஆர். 64 போன்ற பரவலான இரகம் ஒன்றை வைத்து யாரேனும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: மூலக்கூறு

முதலில் தூண்டலின் பாதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் ஐயத்துக்கான விடையின் ஒரு பாதி அதிலேயே இருக்கிறது. மண்ணில் ஈரம் குறைந்ததும் செடியில் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோனின் அளவு உயர்கிறது. நீர் போதுமான அளவு இருக்கும்போது, பி.பி.2சி என்னும் பாஸ்பேட்டேஸ் (பிற புரதங்களிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும்) புரதங்கள் எஸ்.என்.ஆர்.கே.2 என்னும் கைனேஸ் (பாஸ்பேட்டைச் சேர்க்கும்) புரதங்களைச் செயலற்று வைத்திருக்கும். அப்சிசிக் அமிலம் தன் ஏற்பிப் புரதத்துடன் சேர்ந்தவுடன் அந்த ஏற்பி பாஸ்பேட்டேஸைத் தடுத்துவிடுவதால், விடுபட்ட கைனேஸ் ஒருபுறம் இலைத்துளைகள் மூடிக்கொள்ளக் காரணமாகிறது, மறுபுறம் ஓ.எஸ்.பி.சிப்23 போன்ற படியெடுத்தல் காரணிகளை (பிற மரபணுக்களை இயக்கும் புரதங்களை) செயலூக்கி, அவற்றின் வழியே நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்குகிறது. இந்த ஏற்பிகள் 2009இல் ஆய்வகங்களில் மாதிரித் தாவரமாகப் பயன்படும் அராபிடோப்சிஸ் என்னும் சிறு செடியில் கண்டறியப்பட்டன. நெல்லிலும் இதே அமைப்பு இருக்கிறது. இதனுடன், அப்சிசிக் அமிலத்தைச் சாராத, டி.ஆர்.இ.பி. என்னும் வகைப் படியெடுத்தல் காரணிகளின் பாதை ஒன்றும் உண்டு.

ஆகவே நீங்கள் காணும் ஆயிரக்கணக்கான மாற்றங்களுள் பெரும்பாலானவை பின்விளைவுகளே. செல்லைக் காக்கும் புரதங்கள், புரோலின் என்னும் அமினோ அமிலம், சர்க்கரைகள் ஆகியவை சேர்வதும், ஒளிச்சேர்க்கை தொடர்பான மரபணுக்கள் அடங்குவதும் பாதிப்புக்கு ஆளாகும் இரகத்திலும் நிகழ்கின்றன. சில வேளைகளில் அதில்தான் கூடுதலாகவே நிகழ்கின்றன, ஏனெனில் அதன் செல்களே விரைவில் நீரை இழக்கின்றன. ஒரு மரபணு தூண்டப்பட்டது என்பதை மட்டும் கொண்டு அது தாங்குதிறனுக்குக் காரணம் என்று கூற இயலாது.

மிகைவெளிப்பாட்டு ஆய்வுகளில் கவனிக்க வேண்டியது, அந்த மரபணு எங்கே, எப்போது இயங்குகிறது என்பதாகும். டி.ஆர்.இ.பி. காரணிகளை எப்போதும் இயங்கும்படி வைத்தால், நல்ல நீர் இருக்கும் காலத்திலும் செடி குன்றிப்போகிறது. இலைத்துளையை மூடுவது நீரைச் சேமிக்கும் என்றாலும், கரியமில வாயு உள்ளே வருவதும் தடைப்படுவதால் அதற்கான விலையைச் செடி மாவுச்சத்தில் கொடுக்கிறது. இதற்கு மாறாக, சீனாவின் வூஹானில் உள்ள ஹுவாசோங் வேளாண் பல்கலைக்கழகத்தினர் 2006இல் வெளியிட்ட எஸ்.என்.ஏ.சி.1 ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அந்த மரபணு, இலைத்துளைகளைத் திறந்து மூடும் காப்புச் செல்களில் வறட்சியின்போது தூண்டப்படுவது. அதை மிகைப்படுத்திய நெல், பூக்கும் பருவத்தில் கடும் வறட்சிக்கு உள்ளான வயலில், சாதாரணச் செடிகளைவிட 22 முதல் 34 விழுக்காடு கூடுதலாக மணி பிடித்தது. தொட்டியில் பிழைத்ததை எண்ணாமல் வயலில் பிடித்த மணியை எண்ணினார்கள் என்பதே அதன் சிறப்பு.

மறுமொழி: நெல்வழி

நெல் பயிர்ப்பெருக்கத் துறையில் இருப்பவன் என்ற முறையில் மற்றொரு பாதியைச் சேர்க்கிறேன். தூர் கட்டும் பருவத்தில் வரும் வறட்சியிலிருந்து நெல் பெருமளவு மீண்டுவிடும். கதிர் உறைக்குள் உருவாகும் சூல் பருவம் தொடங்கிப் பூத்து முடியும் வரையிலான காலத்தில் வந்தால்தான் பேரிழப்பு. அப்போது கதிர் உறையை விட்டு முழுமையாக வெளிவருவதில்லை, மகரந்தம் மலடாகிறது, பூக்கள் பதராகின்றன. நாற்றுப் பருவத்தில் நீரை நிறுத்தி இலையில் மரபணு வெளிப்பாட்டை அளந்த ஆய்வு, இந்தக் கட்டத்தைப் பற்றி நமக்கு மிகக் குறைவாகவே சொல்ல முடியும்.

நீங்கள் கேட்ட ஐ.ஆர். 64 இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. 1985இல் பிலிப்பைன்ஸில் வெளியிடப்பட்டுப் பல நாடுகளில் பரவிய இந்த இரகத்தின் வேர்கள் மேலோட்டமாகப் படர்பவை. பிலிப்பைன்ஸின் மேட்டுநில நெல்லான கினாண்டாங் பாத்தோங் ஆழமாக வேர்விடுவது. இரண்டையும் கலந்து ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள், 9ஆம் குரோமோசோமில் உள்ள டிரோ1 என்னும் மரபணுவை அடையாளம் கண்டு 2013இல் வெளியிட்டனர். ஐ.ஆர். 64இல் இந்த மரபணுவின் டி.என்.ஏ. வரிசையில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருப்பதால், புரதம் முழுமையடையாமல் முன்னதாகவே நின்றுவிடுகிறது. முழுமையான டிரோ1 வேர்நுனியின் செல்கள் நீளும் விதத்தைப் பாதித்து, வேர் புவியீர்ப்பை நோக்கி வளைந்து செங்குத்தாக இறங்க உதவுகிறது. அதை ஐ.ஆர். 64க்குள் பின்கலப்பு (கலப்பினச் செடியை மீண்டும் மீண்டும் ஐ.ஆர். 64உடன் கலத்தல்) மூலம் கொண்டுவந்தபோது, கடும் வறட்சியில் மூல இரகம் ஏறத்தாழ மணியே பிடிக்காத நிலையிலும் புதிய வரிசை விளைச்சல் தந்தது. இந்த மரபணுவை யாரும் வறட்சியில் தூண்டப்படும் மரபணுக்களின் பட்டியலில் தேடிக் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கருதிப் பாருங்கள். அதன் வேலை, வறட்சி வருவதற்கு முன்பே வேரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதைத் தீர்மானிப்பது.

பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் மேற்கொண்ட வழி வேறு. வேர் ஆழம், இலை சுருளுதல் போன்ற துணைப் பண்புகளை விட்டுவிட்டு, வறட்சிக்கு உட்படுத்திய வயலில் கிடைக்கும் தானிய விளைச்சலையே நேரடியாகத் தேர்வுக்கு அளவாகக் கொண்டார்கள். அப்படிக் கண்டறியப்பட்டவையே, வறட்சியில் விளைச்சலைப் பாதிக்கும், கியூ.டி.டி.ஒய். எனத் தொடங்கும் பெயருடைய குரோமோசோம் பகுதிகள். இவற்றுள் 12.1 என்ற பகுதி வந்தனா, வே ராரெம் ஆகிய இரகங்களின் கலப்பிலிருந்து கிடைத்தது. அதில் நன்மை தரும் வடிவம், இரண்டில் வறட்சியைத் தாங்காத வே ராரெமிலிருந்துதான் வந்தது. தனித்து நின்றபோது வெளிப்படாத நன்மை, ஏற்ற மரபுப் பின்னணியில் வெளிப்பட்டது. 2.2, 4.1 என்னும் இரு பகுதிகளை ஐ.ஆர். 64இல் சேர்த்து உருவான டி.ஆர்.ஆர். தான் 42, இந்தியாவில் 2014இல் வெளியிடப்பட்டது.

பைங்கூழ்:

இருவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. பழைய இரகங்களில் இத்தகைய நல்ல வடிவங்கள் இருந்தனவென்றால், பசுமைப் புரட்சிக் கால இரகங்களில் அவை ஏன் இல்லாமற்போயின? அதிக விளைச்சலும் வறட்சி தாங்குதலும் இயல்பிலேயே ஒன்றுக்கொன்று முரணானவையா?

மறுமொழி: நெல்வழி

ஒரு பகுதியைப் பொறுத்தவரை தெளிவான விடை கிடைத்திருக்கிறது. 1966இல் வந்த ஐ.ஆர். 8 தொடங்கி, குட்டை இரகங்களின் உயரத்தைக் குறைத்தது 1ஆம் குரோமோசோமில் உள்ள எஸ்.டி.1 மரபணுவின் செயலிழந்த வடிவம். நாகினா 22 போன்ற பாரம்பரிய இரகங்களில் வறட்சியிலும் விளைச்சல் தரும் கியூ.டி.டி.ஒய். 1.1 பகுதி, அந்த எஸ்.டி.1க்கு மிக அருகிலேயே, நெட்டை வடிவத்துடன் பிணைந்து இருக்கிறது. குட்டைச் செடிகளை மட்டும் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு முறையும் அதன் அண்டையிலிருந்த வறட்சிப் பகுதியும் சேர்ந்தே கழிக்கப்பட்டது. நீர் வசதியுள்ள வயல்களில் தேர்வு நடந்ததால் அந்த இழப்பு யார் கண்ணிலும் படவில்லை. பின்னர் பெருந்தொகையான செடிகளை டி.என்.ஏ. குறியீடுகளால் சோதித்து அப்பிணைப்பை உடைத்தார்கள். குட்டையாகவும் வறட்சியில் விளைச்சல் தருவதாகவும் உள்ள வரிசைகள் கிடைத்தன. 2015இல் வெளியான இந்த முடிவு, நீங்கள் கேட்ட முரண் குறைந்தது இந்த இடத்திலேனும் உயிரியல் கட்டாயம் அன்று, அண்டை மரபணுக்களின் பிணைப்பு மட்டுமே என்று காட்டுகிறது.

மறுமொழி: மானாவாரி

வயல் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். டிரோ1 எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆழத்தில் ஈரம் இருந்தால்தான் ஆழமான வேருக்குப் பயன். ஆண்டுக்கணக்கில் சேறடித்து உழுத வயலில் அடிமண் இறுகிக் கிடப்பதால் வேர் அதைத் துளைத்து இறங்குவதே கடினம். இராமநாதபுரம் போன்ற இடங்களில் புழுதியில் விதைத்து மழையை நம்பி எடுக்கும் பயிருக்கும், ஆற்றுப் பாசனத்தில் கடைமடைக்கு நீர் வராமல் காயும் பயிருக்கும் வறட்சி என்ற பெயர் ஒன்றே தவிர, தேவைப்படும் மரபணுச் சேர்க்கை ஒன்றாக இருக்க முடியாது. மாணவி தம் ஆய்வுக்கு மரபணுவைத் தேர்ந்தெடுக்கும் முன், எந்த மண்ணில், பயிரின் எத்தனையாவது வாரத்தில் நீர் நிற்கும் நிலத்துக்காக அதைத் தேடுகிறார் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.