ஆலமரத்து வீடு குழு: அத்தையின் கேப்சூலும் எலியின் மேடையும்

பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் மூலிகைச் சாறே மருந்து! கல்லூரி ஆய்வில் நிரூபணம்!! மாத்திரைகளைத் தூக்கி எறியுங்கள்!!! 🙏🌿

பெரியப்பா: சரசு, இதைப் படி. நான் அன்றைக்கே சொன்னேன்.

சரசு அத்தை: படித்தேன் அண்ணா. எனக்கும் அந்த மனச்சோர்வு மாத்திரை போட்டதிலிருந்து வயிறு சரியில்லை. கார்த்தியிடம் அங்கே கிடைக்கிற மூலிகை கேப்சூல் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் வரும்போது கொண்டு வருவான்.

நிலா: அத்தை, ஒரு நிமிஷம். அந்தச் செய்தியின் அடியில் இருந்த ஆய்வைத் திறந்து பார்த்தேன். நிரூபணம் எல்லாம் எலிக்குத்தான்.

சித்தி: எலிக்கு என்ன மனச்சோர்வு 😂 அதுதான் நம்மைச் சோர்வாக்குகிறது

நிலா: சிரிக்காதீர்கள் சித்தி, எங்கள் எம்.பார்ம் ஆய்வுக்கூடத்தில் பாதிப் பேருக்கு இதுதான் புராஜெக்ட். கூட்டல் குறி மாதிரி ஒரு மேடை, தரையிலிருந்து அரை மீட்டர் உயரம், இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் திறந்தவெளி. எலிக்குத் திறந்த இடமும் உயரமும் பயம், சுவர் ஓரமாகவே பதுங்கும். சாற்றைக் கொடுத்துவிட்டு 5 நிமிடம் பார்ப்போம், திறந்த பக்கம் அதிக நேரம் நின்றால் பதற்றம் குறைந்தது என்று கணக்கு. ஒப்பிட இன்னொரு குழுவுக்கு டையசிபாம், பதற்றத்துக்கு டாக்டர்கள் தரும் மாத்திரை. மனச்சோர்வுக்கு வேறு சோதனை: கண்ணாடிக் குடுவையில் தண்ணீர், அதில் சுண்டெலி, 6 நிமிடம். கடைசி 4 நிமிடத்தில் எவ்வளவு நேரம் நீந்தாமல் சும்மா மிதந்தது என்று பார்ப்பது, குறைவாக மிதந்தால் மனச்சோர்வு குறைந்தது என்று கணக்கு. 1977இல் போர்சோல்ட் கொண்டுவந்த முறை.

சித்தி: ஐயோ பாவம்

நிலா: பாவம்தான். அதோடு, சுறுசுறுப்பு தரும் எதைக் கொடுத்தாலும் எலி கூடுதலாக நீந்தும், காஃபினுக்குக்கூட. அது மனச்சோர்வு மருந்து ஆகிவிடுமா? இன்னொன்று, மனச்சோர்வு மாத்திரைக்கு எலியில் ஒரு மணி நேரத்தில் பலன் தெரிகிறது, மனிதருக்கு அதே மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகிறது.

பெரியப்பா: டாக்டர் தரும் மாத்திரையையும் முதலில் எலியில்தானே பார்த்தார்கள்?

நிலா: ஆமாம் பெரியப்பா, ஆனால் அங்கேயே நிற்கவில்லை. அப்புறம் மனிதர்களிடம், எந்தப் பக்கம் மருந்து எந்தப் பக்கம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் பார்த்தார்கள். மனச்சோர்வில் வெற்று மாத்திரைக்கே மூன்றில் ஒருவருக்காவது குறைகிறது, அதைத் தாண்டிக் காட்டவேண்டும். நீங்கள் அனுப்பிய ஆய்வில் அளவு எலியின் எடையில் கிலோவுக்கு 400 மில்லிகிராம். எலி அளவை ஆறில் ஒன்றாக்கும் வழக்கமான கணக்குப்படி மாற்றினால் 60 கிலோ ஆளுக்குத் தினம் கிட்டத்தட்ட 4 கிராம் சாரம். இலைப்பொடி இல்லை, ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்து வற்றவைத்த சாரம்.

பெரியப்பா: அப்போது மூலிகையே பொய்யா? அமுக்கரா எத்தனை தலைமுறையாகச் சாப்பிடுகிறோம்!

நிலா: பொய் என்று யார் சொன்னது? அமுக்கராவை மனிதர்களிடமே சோதித்திருக்கிறார்கள். 2012இல் ஹைதராபாத்தில் 64 பேர், 300 மில்லிகிராம் வேர்ச் சாரம் இரண்டு வேளை, 60 நாள், மன அழுத்தம், அதாவது ஸ்ட்ரெஸ், குறைந்தது. ஆனால் அது சின்ன ஆய்வு, வந்தவர்களும் மனச்சோர்வு நோயாளிகள் இல்லை. கல்லீரல் பாதித்த சிலரைப் பற்றியும் பிறகு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தைராய்டு ஹார்மோனைக் கூட்டவும் செய்யலாம். அத்தை தைராய்டு மாத்திரை போடுகிறார்கள், மறந்துவிட்டீர்களா?

கார்த்தி: நான் வாங்கியது அமுக்கரா இல்லை நிலா. செயின்ட் ஜான்ஸ் வோர்ட், மனச்சோர்வுக்கு என்று விற்கிற ஒரு மூலிகை. இங்கே கடையில் வைட்டமின் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நிலா: அத்தான்!! அதைத்தான் கொடுக்கவே கூடாது.

கார்த்தி: ஏன், அது வேலை செய்யாதா?

நிலா: செய்கிறது, அதனால்தான் சொல்கிறேன். 2008இல் 29 ஆய்வுகள், 5,489 பேர் என்று சேர்த்துப் பார்த்ததில் வெற்று மாத்திரையைவிட மேல், வழக்கமான மருந்துகளுக்குச் சமம் என்றே வந்தது. அதற்கு முன் 2002இல் அமெரிக்காவில் 340 பேரிடம் செய்ததில் அதுவும் தேறவில்லை, ஒப்பீட்டுக்கு வைத்த செர்ட்ராலினும் தேறவில்லை. அத்தை போடுவது அந்த செர்ட்ராலின்தான். இரண்டும் மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டும், சேர்த்துப் போட்டால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம், படபடப்பு என்று ஆஸ்பத்திரியில் போய் நிற்கும். அந்த மூலிகை கல்லீரலையும் முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும்: கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின், சிறுநீரகம் மாற்றியவர்கள் போடுகிற சைக்ளோஸ்போரின்.

பெரியப்பா: வார்ஃபரினா?

கார்த்தி: மாமா இரண்டு பாட்டில் கேட்டார். ஒன்று அவருக்காம் 🤦

சித்தி: இதய வால்வு மாற்றி, வார்ஃபரின் போட்டுக்கொண்டு, ரத்தம் உறையும் வேகத்துக்கு மாதாமாதம் ஐஎன்ஆர் சோதனை பார்க்கிற மனிதர்!

பெரியப்பா: தூக்கம் வரவில்லை என்று கேட்டேன், அதற்கு இத்தனை பேரா.

சரசு அத்தை: அப்போது என் மாத்திரையை நிறுத்திவிட்டு அந்த கேப்சூலை மட்டும் போட்டால்?

நிலா: வேண்டாம் அத்தை. திடீரென நிறுத்தினால் தலைசுற்றும், உடம்பில் ஷாக் அடித்த மாதிரி வெட்டும். வயிற்றுத் தொந்தரவை டாக்டரிடம் சொல்லுங்கள், சாப்பிட்ட பிறகு போடச் சொல்வார், இல்லை மருந்தை மாற்றுவார். அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போன் போடுங்கள். ராத்திரியில் மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

சரசு அத்தை: சரி. வல்லாரைத் துவையலாவது சாப்பிடலாமா, இல்லை அதற்கும் எலியைக் கூப்பிடுவாயா?

நிலா: தாராளமாக அரையுங்கள், எனக்கும் ஒரு டப்பா.

கார்த்தி: இரண்டு பாட்டிலையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பெட்டியில் இடம் இருக்கிறது, வேறு என்ன வேண்டும்?

பெரியப்பா: பாதாம். உப்பு போடாதது.